காதுல என்ன ஓடுது?

தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயில். எனக்கு எதிர் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஒயர் இயர்போன். ஒரு முனை ஒருத்தி காதில், மறு முனை இன்னொருத்தி காதில். ஒயர் எட்டாததால் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சைதாப்பேட்டை தாண்டும்போது ஒருத்தி சட்டென்று மற்றவளின் மணிக்கட்டைப் பிடித்து, "இரு, இரு... இப்ப வரும் பாரு" என்றாள். என்ன வந்ததோ, எனக்குக் கேட்கவில்லை. வந்ததும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

ஒலி அறிவியலின்படி அந்தப் பெண்கள் செய்தது நஷ்ட வியாபாரம். நமக்கு இரண்டு காதுகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு சத்தம் ஒரு காதைத் தொட்டு மறு காதைத் தொடுவதற்குள் ஆகும் தாமதம், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை வைத்தே மூளை திசையைச் சொல்லிவிடும். ஸ்டீரியோ ஒலிப்பதிவு முழுக்க இந்தத் திறமையை நம்பித்தான் நடக்கிறது. வயலின்களைக் கொஞ்சம் இடப்பக்கம், கிட்டாரைக் கொஞ்சம் வலப்பக்கம் என்று பிரித்து வைக்கிறார்கள். ஒரு காதுக்கு மட்டும் கொடுத்தால் அதில் ஒரு பங்கு காணாமல் போகும். பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' (1965) ஆல்பத்தின் ஸ்டீரியோ பதிப்பில் பல பாட்டுகளில் குரல் ஒரு பக்கம், வாத்தியங்கள் மறு பக்கம். அதை ஒயர் பங்கு போட்டுக் கேட்டால் ஒருத்திக்குப் பாடகர் மட்டும் கிடைப்பார், இன்னொருத்திக்குக் கரோக்கி கிடைக்கும்.

ஆளுக்கொரு இயர்போனில் கேட்டிருந்தால் இருவருக்குமே முழுப் பாட்டு. பாதிப் பாட்டை விட்டுக்கொடுத்து அவர்கள் வாங்கியது என்ன?

இந்தக் கேள்வி சோனி நிறுவனத்தின் அகியோ மொரிட்டாவுக்கும் வந்தது. 1979 ஜூலை 1 அன்று வாக்மேன் கடைக்கு வந்தது. டிபிஎஸ்-எல்2 என்ற அந்த முதல் மாடலின் படத்தை உற்றுப் பாருங்கள். நீலமும் வெள்ளியுமான பெட்டி, அதில் ஹெட்போன் செருக ஒன்றுக்கு இரண்டு ஜாக். போதாததற்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான், பெயர் 'ஹாட்லைன்'. அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் தணியும், பெட்டியில் இருக்கும் மைக் வழியாக இருவரும் பேசிக்கொள்ளலாம். மொரிட்டா சோதனைக்காக அதை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த மனைவிக்குத் தன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது போல் இருந்ததாம். நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் காதை அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து, இன்னொரு ஜாக்கை வைக்கச் சொன்னார்.

அவர் கணக்குத் தப்பியது. முதலில் செய்த 30,000 பெட்டிகளும் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. ஆனால் வாங்கியவர்கள் அதைத் தங்களுக்கே தங்களுக்கான பொருளாக வைத்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த மாடல்களில் ஹாட்லைன் பொத்தான் போய்விட்டது. பாட்டுக் கேட்பது தனி ஆளின் காரியம் என்ற எண்ணம் நிலைத்தது அந்தச் சமயத்தில்தான். ஒலிப்பதிவு வருவதற்கு முந்தைய சில ஆயிரம் ஆண்டுகளில், தானே பாடிக்கொண்டாலோ வாசித்துக்கொண்டாலோ ஒழிய, இசையை ஒருவர் மட்டும் கேட்க வழியே இல்லை. பாடுகிறவரோ வாசிக்கிறவரோ கூடவே இருந்தாக வேண்டும். நம் மூளை அந்தக் காலத்து மூளை.

பாட்டோடு ஆளையும் சேர்த்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை ஐந்து மாதக் குழந்தைகளிடம் பார்க்கலாம். ஹார்வர்டில் சாமுவேல் மேர், எலிசபெத் ஸ்பெல்கே குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இது. பெற்றோருக்கு ஒரு புதுத் தாலாட்டைக் கற்றுக்கொடுத்தார்கள். ஓரிரு வாரம் வீட்டில் குழந்தைக்குப் பாடச் சொன்னார்கள். பிறகு குழந்தையை ஆய்வகத்துக்கு வரவழைத்து, முன்பின் தெரியாத இரண்டு பேரைத் திரையில் காட்டினார்கள். ஒருவர் வீட்டில் கேட்ட மெட்டைப் பாடினார். இன்னொருவர் அதே வரிகளை வேறு மெட்டில் பாடினார். பாட்டு முடிந்து இருவரும் சும்மா சிரித்துக்கொண்டிருந்தபோது, தன் வீட்டு மெட்டைப் பாடிய ஆளையே குழந்தை அதிக நேரம் பார்த்தது.

தெரிந்த பாட்டு பிடிக்கும், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஆய்வாளர்களும் கேட்டார்கள். அடுத்த சோதனையில் அதே மெட்டைப் பெற்றோருக்குப் பதிலாக ஒரு பொம்மை பாடியது. இன்னொன்றில் சிநேகமான, ஆனால் குடும்பத்துக்கு அந்நியரான ஒருவர் பாடினார். குழந்தைகளுக்கு மெட்டு நன்றாகவே நினைவிருந்தது, மாதக்கணக்கில் இருந்தது. ஆனால் அதைப் பாடிய புது ஆளின் மீது தனிப் பிரியம் எதுவும் வரவில்லை. அம்மாவோ அப்பாவோ பாடிய மெட்டைத் தெரிந்து வைத்திருப்பவர் மட்டுமே 'நம்ம ஆள்'. பேசத் தெரியாத வயதிலேயே, பாட்டு எந்த வழியாக வந்தது என்பது பாட்டோடு சேர்த்து மனதில் பதிகிறது. நம் வீட்டுப் பாட்டிகள் செல்போனில் ஓடும் தாலாட்டை ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

வளர்ந்த பிறகு பாட்டு விசாரணை ஆகிறது. ஹாஸ்டலில் புது ரூம்மேட் பெட்டியை இறக்கியதும், ஊர் எது என்று கேட்ட கையோடு, "ராஜாவா, ரஹ்மானா?" என்று கேட்போம். பதிலைப் பொறுத்து அடுத்த மூன்று வருடம் நட்பா, தினசரி சண்டையா என்று தெரிந்துவிடும். (சண்டையும் நட்புதான்.) ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்து 2006-இல் எழுதினார்கள். முன்பின் தெரியாத மாணவர்களை இணையம் வழியாக ஆறு வாரம் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். சினிமா, புத்தகம், உடை, விளையாட்டு எல்லாவற்றையும் விட அதிகம் பேர் பேசியது இசையைப் பற்றி. அடுத்த கட்டத்தில், ஒருவருக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளை மட்டும் அந்நியர்களிடம் கொடுத்து, இந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். புதியனவற்றில் ஆர்வம், கற்பனை ஆகிய குணங்களை நன்றாகவே ஊகித்துவிட்டார்கள். ஒழுங்கானவரா, சோம்பேறியா என்பதைப் பாட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு வரன் பார்ப்பவர்கள் கவனிக்கவும்.

ஜெர்மனியிலும் ஹாங்காங்கிலும் டயானா போயர் குழு செய்த ஆய்வு (2011) இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. ஒரே இசை பிடித்த இருவர் நெருங்குவதற்குப் பாட்டு நேரடிக் காரணம் இல்லையாம். இதைக் கேட்கிறவர் வாழ்க்கையில் எதை மதிப்பார் என்று நாம் ஒரு கணக்குப் போடுகிறோம், அந்தக் கணக்கு நம்முடையதோடு ஒத்துப்போகிறது, அதனால் பிடிக்கிறது. "இப்ப என்ன கேட்டுக்கிட்டிருக்கே?" என்று கேட்பவருக்கு வேண்டிய பதில் பாட்டின் பெயர் மட்டும் இல்லை.

சொல்கிறவருக்கு என்ன லாபம்? ரயிலில் மணிக்கட்டைப் பிடித்த கைக்கு வருகிறேன். மாண்ட்ரியலில் வாலரி சலிம்பூர், ராபர்ட் ஸடோரே குழு 2011-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. பிடித்த பாட்டைக் கேட்டால் மயிர்க்கூச்செறியும் ஆட்களாகத் தேடிப் பிடித்து, அவர்கள் கேட்கும்போது மூளையை ஸ்கேன் செய்தார்கள். உச்சமான இடம் வந்ததும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் டோபமைன் சுரந்தது. அது எதிர்பார்த்ததுதான். அதற்குச் சில நொடிகள் முன்பே, இன்னும் எதுவும் வராதபோதே, காடேட் என்ற வேறொரு பகுதியிலும் சுரந்தது. வரப்போகிறது என்பதற்கே மூளை தனியாகச் சம்பளம் கொடுக்கிறது. நூறு முறை கேட்ட பாட்டு சலிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கிருந்து என் ஊகம், ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டைப் பலமுறை கேட்டவளுக்கு எதிர்பார்ப்பு மட்டுமே மிச்சம், ஆச்சரியம் தீர்ந்துபோயிற்று. முதல்முறை கேட்பவளுக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது, ஆனால் எதிர்பார்ப்பு இல்லை. "இப்ப வரும் பாரு" என்ற வார்த்தை இரண்டையும் ஒட்டுப்போடுகிறது. தோழிக்கு எதிர்பார்ப்பு கிடைக்கிறது. சொன்னவளுக்குத் தோழியின் முகத்தில் தன் பழைய ஆச்சரியம் திரும்பக் கிடைக்கிறது. அதனால்தான் பாட்டைப் போட்டுவிட்டு நாம் பாட்டைக் கவனிக்காமல், கேட்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த நேரம் பார்த்து அவர் வாட்ஸப்பைத் திறந்தால் நமக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நாலு பேருக்கு இடையில் இப்படி நடப்பது நாலு லட்சம் பேருக்கு இடையில் நடந்தால் என்ன ஆகும்? இதற்கு எனக்குத் தெரிந்து மிக அழகான சோதனை, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் நடத்தி 2006-இல் வெளியிட்டது. யாரும் கேள்விப்பட்டிராத இசைக்குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்தார்கள். 14,341 பேர் வந்து கேட்டார்கள். பிடித்தால் நட்சத்திரம் கொடுக்கலாம், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வந்தவர்களை அவர்களுக்கே தெரியாமல் கூறு போட்டார்கள். ஒரு கூட்டத்துக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்கள் எட்டு தனித்தனி 'உலகங்களில்' அடைக்கப்பட்டார்கள். ஒவ்வொரு உலகத்திலும், தங்களுக்கு முன்னால் அங்கே வந்தவர்கள் எந்தப் பாட்டை எத்தனை முறை இறக்கினார்கள் என்ற எண்ணிக்கை பாட்டின் பக்கத்தில் தெரியும். எட்டு உலகங்களும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கின. ஒரு உலகத்தின் சேதி மற்றதற்குப் போகாது. வரலாற்றை எட்டு முறை ஓட்டிப் பார்ப்பது போல.

52 மெட்ரோ என்ற குழுவின் 'லாக்டவுன்' பாட்டு, எண்ணிக்கை தெரியாத கூட்டத்தில் 26-வது இடத்தில் வந்தது. சுமார் ரகம். அதே பாட்டு ஒரு உலகத்தில் முதல் இடம், இன்னொரு உலகத்தில் 40-வது. பாட்டில் ஒரு சுரம் மாறவில்லை. முதலில் வந்த சிலர் எதை இறக்கினார்கள் என்ற தற்செயல் அடுத்தவரை இழுத்தது, அவர் அதற்கடுத்தவரை இழுத்தார். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் ஹிட் பாட்டு இன்னும் பெரிய ஹிட் ஆனது, ஃப்ளாப் இன்னும் மோசமான ஃப்ளாப் ஆனது. எது ஹிட் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்வதும் கஷ்டமானது. எண்ணிக்கையை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்திக் காட்டியபோது இரண்டுமே அதிகரித்தன. தரத்துக்குக் கொஞ்சம் மதிப்பு இருந்தது: மிக நல்ல பாட்டு அரிதாகவே விழுந்தது, மிக மோசமான பாட்டு அரிதாகவே மேலே போனது. நடுவில் இருந்த பெரும் கூட்டத்துக்கு எதுவும் நடக்கலாம் என்ற கதி. நம் ஊரில் படம் வந்த வெள்ளிக்கிழமை காலைக் காட்சியின் விசில் சத்தத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று இப்போது தெரிகிறது.

2008-இல் வெளிவந்த ஆய்வில் சால்கனிக்கும் வாட்ஸும் ஒரு குறும்பு செய்தார்கள். வரிசையைத் தலைகீழாக்கி, கடைசிப் பாட்டுக்கு முதல் பாட்டின் எண்ணிக்கையைப் போட்டார்கள். பொய்யாக ஏற்றப்பட்ட பல பாட்டுகள் உண்மையிலேயே பிரபலமாயின. மிக நல்ல பாட்டுகள் மட்டும் காலம் போகப்போக மெல்ல ஏறி வந்தன. எனக்குப் பிடித்தது அதில் வந்த இன்னொரு முடிவு: பொய் உலகங்களில் மொத்தமாகவே இறக்குவது குறைந்துபோனது. பொய் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் சுவாரசியம் குறைந்துவிட்டது போல.

மற்றவர் சொல்வதை ஏன் இவ்வளவு கேட்கிறோம்? அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் கிரெகரி பெர்ன்ஸ், 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளை ஸ்கேனரில் படுக்கவைத்து, பெயர் தெரியாத பாட்டுத் துணுக்குகளை ஒலிக்கவிட்டு மதிப்பெண் கேட்டார். பிறகு அந்தப் பாட்டு எவ்வளவு பிரபலம் என்று காட்டி மறுபடி மதிப்பெண் கேட்டார். மனதை மாற்றிக்கொண்ட பிள்ளைகளின் மூளையில் பதற்றத்தோடும் அசௌகரியத்தோடும் தொடர்புள்ள பகுதி கூடுதலாக வேலை செய்தது. பாட்டு இனித்ததால் மாறியதைவிட, தனியாகப் போய்விடுவோமோ என்ற உறுத்தலால் மாறியதாகவே பெர்ன்ஸ் குழு அதைப் படித்தது. சில வருடம் கழித்து அவர் மகள்களோடு 'அமெரிக்கன் ஐடல்' பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பாட்டுகளில் ஒன்றை ஒரு போட்டியாளர் டிவியில் பாடினார். ஒன்ரிபப்ளிக் குழுவின் 'அப்பாலஜைஸ்'. சோதனை நடந்த காலத்தில் அதை அதிகம் பேருக்குத் தெரியாது. உடனே பழைய ஸ்கேன்களைத் தூசி தட்டி எடுத்து விற்பனையோடு ஒப்பிட்டார். பிள்ளைகள் வாயால் கொடுத்த மதிப்பெண்ணுக்கும் பிற்கால விற்பனைக்கும் சம்பந்தமில்லை. நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் காட்டிய துடிப்புக்கும் விற்பனைக்கும் சின்னதாக ஒரு சம்பந்தம் இருந்தது. வாய் சொல்வது ஒன்று, மூளை கேட்பது ஒன்று.

அப்படியானால் வாயை விட்டுவிட்டு இயந்திரத்தையே சொல்லவைத்தால்? 2002-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர் ரிச்சர்ட் ஜோன்ஸ், படிப்புக்கான புராஜெக்டாக ஆடியோஸ்க்ராப்ளர் என்ற மென்பொருளை எழுதினார். கம்ப்யூட்டரில் நீங்கள் போடும் ஒவ்வொரு பாட்டையும் அது குறித்துக்கொண்டு ஊருக்குக் காட்டும். பிறகு லாஸ்ட்.எஃப்எம் என்ற சேவையோடு அது இணைந்தது. 2007-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் நிறுவனம் லாஸ்ட்.எஃப்எம்மை 28 கோடி டாலருக்கு வாங்கியது. பாட்டைக் 'கேட்டது' என்று எப்போது எழுதுவது? அதற்கொரு விதி: 30 நொடிக்கு மேற்பட்ட பாட்டாக இருக்க வேண்டும், பாதியாவது ஓட வேண்டும், நீளமான பாட்டு என்றால் 4 நிமிடம் ஓடினால் போதும். காதில் விழுந்ததா, மனதில் விழுந்ததா என்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

பொய் சொல்லாத இயந்திரம் வந்ததும் மனிதர்கள் அதை ஏமாற்றக் கற்றுக்கொண்டார்கள். ஹெல்சின்கியில் லாஸ்ட்.எஃப்எம் பயனர்களிடம் நடந்த ஆய்வில் (2011) தெரிந்தது: பட்டியல் அழகாக இருக்கட்டும் என்று பாட்டை ஓடவிட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்கள் உண்டு. வெட்கப்படும் பாட்டைக் கேட்கும்போது பதிவை நிறுத்திவைப்பவர்களும் உண்டு. எனக்கு இது ஏளனத்துக்குரியதாகப் படவில்லை. ஒருமுறை நான் பயன்படுத்தும் செயலி ஒன்று, வருடக் கடைசியில் நான் அதிகம் கேட்ட பாட்டு என்று ஒரு முயல்குட்டிப் பாட்டைக் காட்டியது. அக்கா பேத்திக்குச் சோறு ஊட்ட அதை எத்தனை முறை போட்டேன் என்று எனக்கும் என் போனுக்கும் மட்டுமே தெரியும். அந்தப் பட்டியலை நான் யாருக்கும் அனுப்பவில்லை. இத்தனைக்கும் அந்த வருடத்தில் உண்மையிலேயே இன்னொரு மனிதரோடு சேர்ந்து நான் கேட்ட ஒரே பாட்டு அதுதான்.

இயந்திரம் விட்டுவிட்ட இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டைச் சொல்வது என்றால் எத்தனையோ பாட்டில் ஒன்றைப் பொறுக்கி, ஒரு ஆளுக்குக் கொடுப்பது. இலங்கை வானொலிக்கும் விவித் பாரதிக்கும் போஸ்ட் கார்டு போட்டவர்களுக்கு இது தெரியும். நேயர் விருப்பத்தில் பாட்டுக்கு முன்னால் பெயர்ப் பட்டியல் நீளமாகப் போகும். அந்தப் பாட்டு கார்டு போடாவிட்டாலும் என்றைக்காவது ஒலிபரப்பாகியிருக்கும். தன் பெயர், வீட்டார் பெயர், ஊர்ப் பெயர் அந்தப் பாட்டோடு சேர்ந்து காற்றில் வர வேண்டும் என்பதற்காகத்தான் கார்டு. ஜார்க்கண்டில் ஜும்ரி தலையா என்ற மைக்கா சுரங்க ஊர், இந்திப் பாட்டுக்கு விருப்பக் கடிதம் எழுதியே நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. பிறகு வந்த காலர் ட்யூனும் அதே சாதி: காசு கட்டுகிறவர் காதில் அது ஒருநாளும் விழாது, கூப்பிடுகிறவர்களுக்கு மட்டுமே ஒலிக்கும்.

ரயில் நுங்கம்பாக்கத்தில் நின்றபோது அந்தப் பெண்கள் முனைகளை மாற்றிக்கொண்டு அதே பாட்டை முதலிலிருந்து போட்டார்கள். முதல்முறை தவறிய பாதி இரண்டாம் முறை கிடைக்கட்டும் என்றா, சும்மா காது வலித்ததாலா, கேட்கவில்லை.

இனி நீங்கள் யாருக்காவது ஒரு பட்ஸைக் கழற்றிக் கொடுக்கும்போது போனின் செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டி பகுதிக்குப் போய் 'மோனோ ஆடியோ'வை ஆன் செய்துவிடுங்கள். ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்காக வைத்த வசதி அது. இடம் வலம் இரண்டையும் கலந்து ஒவ்வொரு முனைக்கும் முழுப் பாட்டையும் அனுப்பும். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஆஃப் செய்யுங்கள், இல்லையென்றால் தனியாகக் கேட்கும்போது ஸ்டீரியோ இருக்காது.